நான்காம் எண் சிவப்பு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், யாராவது ஒருவர் அந்தக் காலத்துக் கோடைக் கம்ப்யூட்டர் வகுப்பை இழுத்துவிடுகிறார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டது, ஏ.சி. குளிரில் பல் கிடுகிடுத்தது, கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் இத்தனை நாள் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். இனிமேல் முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வயது வந்துவிட்டது. இன்னும் அந்தக் கோடையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் நாலாம் வகுப்பைச் சொல்ல வேண்டும். டிராயிங் டீச்சர் மரம் வரையச் சொன்னார். நன்றாகவே வரைந்தேன். கிளை, கிளைக்குள் கிளை, மேலே ஒரு கூடுகூட வரைந்திருந்தேன். கலர் அடித்துக் கொண்டுபோய் நீட்டியதும் டீச்சர் ஸ்கேலை எடுத்தார். அடிமரம் பச்சையாம், இலையெல்லாம் பிரவுனாம். "லொள்ளா? லொள்ளா?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை கேட்டார். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து ஒரு வாரம் வகுப்பே சிரித்தது. எனக்கோ என்ன தப்பு என்றே விளங்கவில்லை. கிரேயான் குச்சியைச் சுற்றியிருக்கும் தாளில் பெயரைப் படித்துத்தான் நான் கலர் எடுப்பேன். தாள் கிழிந்துபோன குச்சி என்றால் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து அடிப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அடுத்தவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அப்பா ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். கோப்பில் இருப்பது உண்மை, மற்றதெல்லாம் பேச்சு என்கிற ரகம். பள்ளியிலிருந்து வந்த குறிப்பைப் படித்துவிட்டு, "வேணும்னே பண்றான். திமிரு" என்று இரண்டு வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. மறுநாள் ஒரு புதுக் கிரேயான் பெட்டி வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "சுத்தியிருக்க தாளக் கிழிக்காம வச்சுக்க" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அப்பா என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தார். தொண்ணூற்று நாலு. ஆனையூரிலிருந்து தல்லாகுளம் வழியாகக் கே.கே. நகருக்குச் சைக்கிளில் போவேன். சித்திரை வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டும். ஒரு கிளினிக்கின் மாடியில்தான் வகுப்பு. கீழே டெட்டால் நெடி, மேலே ஏறினால் சூடேறிய தூசியின் வாசம். மொத்தம் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். பதினொன்று கறுப்புத் திரையில் ஒற்றை நிறத்தில் எழுத்துக் காட்டுபவை. ஒன்றே ஒன்று கலர் மானிட்டர். அதற்கு மட்டும் இரண்டு துணி போர்த்தியிருக்கும். முறை போட்டு ஆளுக்குக் கால் மணி நேரம் உட்காரலாம். அதை ஆன் செய்ததும் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் மயிரெல்லாம் எழுந்து நிற்கும்.

சொல்லிக்கொடுத்த சார் நல்லவர்தான். பேசும்போது கீபோர்டைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர்தான் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருந்தார். கறுப்பு பூஜ்யம், நீலம் ஒன்று, பச்சை இரண்டு, சிவப்பு நான்கு, பிரவுன் ஆறு என்று பதினைந்து வரைக்கும் போகும். கம்ப்யூட்டருக்கு நிறத்தின் பெயர் தெரியாது, எண்தான் தெரியும் என்றார் சார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தாள் கிழியாத கிரேயான் பெட்டி ஒன்று கிடைத்துவிட்டது. நான்கு என்று அடித்தால் அது சிவப்புதான். எந்த டீச்சரும் ஸ்கேலைத் தூக்க முடியாது.

பெயரை எழுதச் சொன்னால் மற்ற பிள்ளைகள் முழுப் பெயரையும் ஒரே நிறத்தில் எழுதுவார்கள். எனக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் வேண்டும் என்று வெறி. அது லேசில் நடக்கவில்லை. ஒருமுறை நிறத்தை மாற்றினால் அதற்குப் பிறகு வரும் எழுத்தெல்லாம் அந்த நிறத்தில்தான் வரும். "பேனாவ மைல முக்குற மாதிரிடா. மறுபடி வேற மைல முக்குற வரைக்கும் அதே கலருதான்" என்றார் சார். ஒரு வரியில் இருபது எழுத்து இருந்தால் இருபது தடவை முக்க வேண்டும். கைவலிக்க எழுதிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் சைக்கிளில் வரும்போது வழி தோன்றியது. மேலே ஒரு வரி எழுத்து, அதற்கு நேர் கீழே ஒரு வரி எண். ஓர் எழுத்தை எடு, கீழே இருக்கும் எண்ணைப் பார், அந்த நிறத்துக்கு மாறு, எழுது, அடுத்த எழுத்துக்கு நகர். இதைச் சுற்றிச் சுற்றிச் செய்யச் சொன்னால் எவ்வளவு நீள வரியானாலும் தானே வண்ண வண்ணமாக வந்துவிழும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வாழ்நாளில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

அதிலிருந்து பிறந்ததுதான் என் கேம். பெயர் 'சிவப்பைப் பிடி'. திரையில் ஒரு நீள வரி ஆங்கில எழுத்துகள் கலந்து கட்டி வரும். பச்சை, பிரவுன், சிவப்பு. சிவப்பு எழுத்துகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஓர் ஊர்ப்பெயர் கிடைக்கும். நேரம் முடிவதற்குள் அதை டைப் செய்ய வேண்டும். தப்பாக அடித்தால் கம்ப்யூட்டர் 'கீ' என்று கத்தும்.

ஏன் அந்த மூன்று நிறம் என்று கேட்கிறீர்களா? அவை மூன்றும் என் கண்ணுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. கேம் என்றால் கஷ்டமாக இருக்க வேண்டாமா? எல்லோருக்கும் அப்படித்தான் கஷ்டமாக இருக்கும் என்று நம்பி அந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தேன். ஆனால் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நொடி பார்த்துவிட்டு "மேலூர்!", "திருமங்கலம்!" என்று கத்தினார்கள். அடேயப்பா, எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று அசந்துபோனேன். முப்பது நொடி வைத்திருந்ததைப் பத்தாகக் குறைத்தேன். அப்போதும் கத்தினார்கள். எனக்கு விடைகள் முன்பே தெரியும் என்பதால் என்னால் விளையாட முடிகிறதா என்ற கேள்வியே எழவில்லை.

ஒரே ஒரு சங்கடம். நான் போட்ட எண்படிதான் திரையில் நிறம் வருகிறதா என்று எனக்குச் சரிபார்க்கத் தெரியவில்லை. பக்கத்து மெஷினில் பிளஸ் டூ முடித்த ஓர் அக்கா இருந்தார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர். எங்கள் வகுப்பிலேயே படு கெட்டி. "அக்கா, மூணாவது எழுத்து சிவப்பா வந்திருக்கா? அஞ்சாவது?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவரைக் கூப்பிடுவேன். "ஒனக்குக் கண்ணு இல்லையாடா?" என்று சிரித்துக்கொண்டே வந்து பார்த்துச் சொல்வார். சார் தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வகுப்பு முடியும் நாளில் அதே மாடி ஹாலில் ஒரு விழா. பெற்றோர் வருவார்கள், ஒரு வங்கி மேனேஜர் தலைமை. சார் என்னைக் கூப்பிட்டு, "ஒன் கேமத்தான் போட்டுக் காட்டப்போறோம்" என்றார். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பரிசெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. அப்பா வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் "என் பையன் செஞ்சது" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். பதிமூன்று வயதில் நான் கேட்டது அவ்வளவுதான்.

விழாவுக்கு அப்பா, அம்மா, மாமா மூவரும் வந்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. வாடிப்பட்டி லைனில் பஸ் ஓட்டினார். டிரைவர் சட்டையோடே வந்து இரண்டாவது வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கலக்கு மாப்ள" என்று கட்டைவிரலைக் காட்டினார். கலர் மானிட்டரை இரண்டு பேர் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். மேனேஜர், "மொதல்ல தம்பியே வெளாண்டு காட்டட்டும்" என்றார். சார் என் காதருகே குனிந்து, "மேனேஜர் சாருக்காக அவரு சொந்த ஊர வச்சு ஒன் ஃபிளாப்பியிலயே ஒரு புது வரி சேத்திருக்கேன். ஒண்ணாம் நம்பரத் தட்டு, அதுதான் வரும்" என்றார். தட்டினேன்.

வரி வந்தது. என் எழுத்துகள்தான், என் நிறங்கள்தான், ஆனால் நான் எழுதாத வரி. எனக்குத் தெரியாத விடை. முதல் தடவையாக என் கேமை நான் பார்த்தேன். இருபத்து நாலு எழுத்தும் ஒரே சேற்றில் முக்கி எடுத்தது போல நின்றன. எதைப் பிடிப்பது? பத்திலிருந்து எண் இறங்கியது. நான்தானே முப்பதைப் பத்தாக்கினேன். கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டினேன். 'கீ' என்றது. "பதட்டப்படாத தம்பி, இன்னொருக்க" என்றார் மேனேஜர். 'கீ'. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை. 'கீ'. முன்வரிசையில் யார் மடியிலோ இருந்த ஒரு பொடியன், எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயது, "வா...டி...ப்பட்டி!" என்று கத்தினான். ஹாலே சிரித்தது.

மேனேஜர் தன்மையாகத்தான் கேட்டார். "எழுதுனவனுக்கே தெரியலையே. யாரு தம்பி எழுதிக் குடுத்தா?"

சார் முகம் சுருங்கிப்போனது. அந்த அக்கா பக்கம் திரும்பினார். "நீதான அவங்கூடயே இருந்த? உண்மையச் சொல்லும்மா."

அக்கா எழுந்து நின்றார். "நான் எழுதல சார். அம்புட்டும் அவன்தான் எழுதுனான். எங்கிட்ட கலரு மட்டும்தான் கேப்பான், இது சிவப்பா, அது பச்சையான்னு."

"கலரு என்னன்னே தெரியாதவன் கலர் கேம் எழுதினானாக்கும்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். மறுபடியும் சிரிப்பு. யோசித்துப் பாருங்கள். அந்த ஹாலில் அப்போது உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அந்த அக்கா. நான் எழுதியதற்கும் என் கண்ணில் இருந்த கோளாறுக்கும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சாட்சி சொன்னார். படித்தவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவருக்காவது பொறி தட்டியதா? பரிசுக் கேடயத்தைச் சார் அக்காவின் கையில் திணித்தார். அவர் அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நான்தான் எழுதினேன். நான்தான் எழுதினேன்." அப்பா எழுந்து வந்தார். பக்கத்தில் வந்து ஏதோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அறை விழுந்தது. "பொய் வேறயா?" என்றார். மாமா, "விடுங்க மச்சான், சின்னப்பய" என்றார், எழுந்திருக்காமலே. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துப் படியிறங்கினாள். வளையல் பதிந்து வலித்தது. கீழே கிளினிக் வாசலில் அப்பா, மெஷினிலிருந்து நான் எடுத்துவந்திருந்த ஃபிளாப்பியை என் கையிலிருந்து உருவினார். அந்தக் காலத்து ஃபிளாப்பி அப்பளம் மாதிரி வளையும், உங்களுக்குத் தெரியும். இரண்டாக மடித்துச் சாக்கடையில் போட்டார். கேமின் ஒரே பிரதி அதுதான்.

பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் கேட்டேன். "எவ எழுதிக் குடுப்பா?" என்று கேட்டார் அப்பா. இன்றைக்கு ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த பில் ஸ்கிரீனைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு ஓர் எரிச்சலோடுதான் விடிகிறது.

இருபத்து இரண்டு வயதில் ரயில்வே தேர்வு எழுதினேன், பாஸ் செய்தேன். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஓர் எண் இருக்கிறதாம். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. மருத்துவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியல. பிறவியிலயே வர்றதுப்பா. அம்மா வழில வரும். தாய்மாமா யாருக்கும் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு வேலை போனதுகூட உறைக்கவில்லை. விழா மேசையும், அந்த வரியும், அறையும்தான் கண்முன் வந்தன.

வீட்டுக்கு ஓடிவந்து அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. எழுந்து போய் முன்வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சத்தமாப் பேசாத. ஒங்க மாமாவுக்கும் அதான். சின்னதுல இருந்தே. சிக்னல்ல மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்துத்தான் ஓட்டுறான். வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிரும், பொழப்பு போயிரும்."

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஒனக்குன்னு சொன்னா எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாக. ஒங்க அப்பாவுக்கு மனசுல ஒண்ணு நிக்குமா? ஒந் தங்கச்சிய வேற ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். கும்புட்டுக் கேக்குறேன், சொல்லிராத."

சொல்லவில்லை. அப்பாவிடம் கண்ணில் பவர் இருக்கிறது, அதனால் வேலை கிடைக்கவில்லை என்றேன். அந்த வெட்கம் என்னுடையது. தங்கை கல்யாணம் முடிந்தது, மாமா ஓய்வும் பெற்றுவிட்டார், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதற்கிடையில் அப்பா ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொல்வார். "ஒரு பொம்பளப்பிள்ள எழுதுனத தன்னோடதுன்னு கொண்டாந்து காட்டுனான் பாருங்க..." எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அம்மா இலைக்குத் தண்ணீர் வைப்பாள். நான் பாதி இலையில் எழுந்துவிடுவேன். எல்லாக் கோபத்தையும் அப்பா மேல் வைத்தேன். அடித்தவர் அவர்தானே.

போன சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கை குடும்பத்தோடு ஆனையூர் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமாவும் இருந்தார். தங்கை மகனுக்கு ஏழு வயது. மாப்பிள்ளை அவனுடைய டிராயிங் நோட்டை அப்பாவிடம் நீட்டினார். "பாருங்க மாமா. மயிலப் பிரவுன்ல அடிச்சிருக்கான். எத்தன தடவ சொல்றது? வேணும்னே பண்றான். திமிரு." சொல்லிக்கொண்டே கையை ஓங்கினார். பிள்ளை முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டான். அந்தக் கழுத்து குறுகுவது எனக்குத் தெரிந்த குறுகல்.

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்றது அந்தப் பார்வை. அந்தப் பிள்ளைக்கு நான் தாய்மாமன். மாமா அன்றைக்கு எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எழுந்து போய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

"அடிக்காதீங்க மாப்ள. அவனுக்குப் பச்சையும் பிரவுனும் சிவப்பும் பிரிஞ்சு தெரியாது. எனக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. அம்மா வழில வர்றது. ரயில்வே டாக்டர் எங்கிட்டச் சொல்லி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு."

மாப்பிள்ளை ஓங்கிய கையை இறக்கினார். அப்பா நோட்டை மூடி மடியில் வைத்தார். அவருக்கு எழுபத்தெட்டு. கோப்பைப் புரட்டுகிறவர் போல மெதுவாக எங்கேயோ பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர் கேமு?" என்றார்.

நான் பதில் சொல்வதற்கு முன் மாமா சொன்னார். "அவன்தான் எழுதுனான் மச்சான். நானும் அன்னைக்கி அந்த டப்பாவத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கும் அம்புட்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது. தெனம் வாடிப்பட்டி போர்டப் போட்டு ஓட்டுறவன், என்னால அத வாசிக்க முடியல. புள்ள எங்க முட்டுறான்னு அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

"அப்பவேவா?"

மாமா தரையைப் பார்த்தார். அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு?"

அம்மா பேரனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி நோட்டின் மேல் வைத்தார். அந்த ஹாலில் எங்கள் வீட்டு ஆட்களில் எதுவுமே தெரியாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் அவர் ஒருவர்தான். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கும்வரை உறைக்கவில்லை. ஒரு நிமிடம் இரக்கம்கூட வந்தது.

"ஒருத்தராவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கை நீட்டியிருப்பேனா?" என்று பொதுவாகக் கேட்டவர், கடைசியில் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னேன்ப்பா" என்றேன். "நான்தான் எழுதினேன்னு அம்புட்டுப் பேர் முன்னாடியும் சொன்னேன். சொன்னதுக்குத்தான் அடிச்சீங்க."